பேருந்தில் ஏற்றிய தலைகளை எண்ணினால் அது பங்கேற்பு ஆகாது

மாற்றுத்திறனாளிகளின் சமூகப் பங்கேற்பைக் கணக்கெடுக்கும் அரசுத் துறைகளுக்கும், மறுவாழ்வு மையங்களுக்கும், நிதி வழங்கும் அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். உங்கள் ஆண்டறிக்கைகளில் ‘சமூகப் பங்கேற்பு’ என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில் போய் நிற்கும். மையம் ஏற்பாடு செய்த சுற்றுலாவுக்கு 30 பேர், கலைவிழாவுக்கு 45 பேர், ஆக 75 பேர் பங்கேற்றார்கள். இது மையம் செய்த வேலையின் கணக்கு. அந்த மனிதர்கள் தாங்களாகக் கிளம்பி எங்கே போகிறார்கள், யாரைப் பார்க்கிறார்கள், எங்கே போக ஆசைப்பட்டும் போக முடியாமல் இருக்கிறார்கள் என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. இரண்டுக்கும் வந்த ஒரே ஆள் இரண்டு பேராகிவிட்டது தனிக்கதை.

இந்த ஆண்டாவது வேறு மாதிரி எண்ணுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நல்ல அளவுகோல்கள் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பயன்படுத்தும்போது எங்கெங்கே பிசகுகிறது என்பதையே இங்கே எழுதுகிறோம்.

முதலில் கேள்வியின் வடிவம். உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்ட, மனிதர்களின் செயல்பாட்டையும் குறைபாட்டையும் விவரிக்கும் ஐ.சி.எஃப். வகைப்பாடு இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக வைக்கிறது. தடையில்லாத, ஒரே சீரான சூழலில் ஒருவரால் என்ன முடியும் என்பது ஒன்று. தன் சொந்தத் தெருவில், சொந்த வீட்டில் அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பது இன்னொன்று. “பேருந்தில் ஏற முடியுமா?” என்று கேட்டால் முதலாவது கிடைக்கும். “கடந்த 30 நாட்களில் எத்தனை நாள் பேருந்தில் போனீர்கள்?” என்று கேட்டால் இரண்டாவது கிடைக்கும். முடியும் என்று சொல்லிவிட்டு ஒரு நாளும் போகாதவர் இருந்தால், அந்த இடைவெளியில்தான் படிக்கட்டின் உயரமும், கழிப்பறை இல்லாத நிலையமும், நடத்துநரின் பேச்சும், கையில் காசில்லாமையும் இருக்கின்றன. உங்கள் படிவங்களில் பாதி முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டாவதன் பெயரைத் தலைப்பாகப் போட்டுக்கொள்கின்றன.

ஒவ்வொரு செயலுக்கும் மூன்று கேள்வி கேட்டால் போதும். நூலகத்தை எடுத்துக்கொண்டால் படிவம் இப்படி இருக்கும்:

கடந்த 30 நாட்களில் எத்தனை நாள் நூலகத்துக்குப் போனீர்கள்? சேவைப் பணியாளர் கூட்டிப் போன நாட்களைச் சேர்க்க வேண்டாம்.
நூலகத்துக்குப் போவது உங்களுக்கு முக்கியமா? ஆம் / இல்லை
இப்போது போகும் அளவு உங்களுக்குப் போதுமா? போதும் / போதாது / தேவைக்கு மேல்

மனநலச் சேவை பெறுவோருக்காக அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் உருவான பங்கேற்பு அளவுகோல் ஏறக்குறைய இந்த முறையில்தான் 26 செயல்களைப் பற்றிக் கேட்கிறது. கடை, வழிபாட்டு இடம், வேலை, நண்பர் வீடு, விளையாட்டு, உணவகம், பொது நிகழ்ச்சி என்று பட்டியல் போகும். ஊருக்கேற்பப் பட்டியலை மாற்றலாம், மூன்று கேள்விகளை மாற்றாதீர்கள்.

‘எத்தனை முறை’ என்று கேட்காமல் ‘எத்தனை நாள்’ என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரே காலையில் மூன்று கடை ஏறி இறங்கியவர் மூன்று என்பாரா, ஒன்று என்பாரா என்பது ஆளுக்கு ஆள் மாறும். நாளில் அந்தக் குழப்பம் இல்லை, 30க்கு மேல் போகவும் வழியில்லை. நாட்காட்டியை நீட்டி, அந்த மாதத்தில் வந்த விடுமுறைகளைத் தொட்டுக் காட்டிக் கேட்டால் நினைவு இன்னும் தெளிவாக வரும். ஆனால் வாக்களிப்பது, ஊர்த் திருவிழா, சங்கத் தேர்தல் போன்றவற்றை 30 நாளில் கேட்டால் எல்லோருக்கும் பூஜ்ஜியம்தான் கிடைக்கும். அவற்றுக்கு 12 மாதம் அல்லது ‘கடந்த தேர்தலில்’ என்று கேட்க வேண்டும். அந்த 30 நாளில் மருத்துவமனையில் இருந்தாரா, அது அவருக்கு வழக்கமான மாதம்தானா என்று தனியாக ஒரு கேள்வியும் வேண்டும்.

டேப்லெட்டில் படிவம் போடுபவர்களிடம் அடிக்கடி நடக்கும் ஒரு பிழையைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் கேள்விக்கு ‘0’ என்று அடித்தால் அடுத்த இரண்டு கேள்விகளையும் தாண்டி அடுத்த செயலுக்குப் போய்விடும்படி அமைத்திருப்பார்கள். போகவே இல்லையே, பிறகென்ன போதுமா என்று கேட்பது, நேரம் மிச்சம் என்ற எண்ணம். ஆனால் ‘0 நாள், முக்கியம், போதாது’ என்ற மூன்றும் சேர்ந்து வரும் இடத்தைக் கண்டுபிடிக்கத்தானே கணக்கெடுப்பே நடக்கிறது? அந்தத் தாவலை வைத்தால் போக விரும்பாதவரும் போக வழியில்லாதவரும் ஒரே பூஜ்ஜியமாகிவிடுவார்கள். பிறகு எந்த மென்பொருளாலும் அவர்களைப் பிரிக்க முடியாது. பூஜ்ஜியம் வந்தாலும் மூன்றையும் கேட்கும்படி அமையுங்கள். 20 செயல்கள் என்றால் சில நிமிடங்கள்தான் கூடும்.

இதன் பலன் எண்ணில் எப்படித் தெரியும் என்று பாருங்கள். கற்பனையாக இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். ஒருவர் 20 செயல்களில் 15ஐச் செய்கிறார், எல்லாம் சேர்த்து 60 நாள். அவர் முக்கியம் என்று குறித்தவை 8. அந்த எட்டில் ‘போதும்’ என்றது இரண்டுக்குத்தான், அதாவது 25 சதவீதம். இன்னொருவர் 9 செயல்கள் செய்கிறார், மொத்தம் 22 நாள். அவருக்கும் முக்கியமானவை 8, ‘போதும்’ என்றது 6, அதாவது 75 சதவீதம். நாள்கணக்கை மட்டும் வைத்திருந்தால் இரண்டாமவரைத் தேடி ஆள் அனுப்பியிருப்பீர்கள். உதவி வேண்டியிருப்பது முதலாமவருக்கு. அவருடைய 60 நாளில் பெரும்பகுதி அவருக்கு முக்கியமில்லாத வேலைகளில் கழிந்திருக்கலாம். ‘தேவைக்கு மேல்’ என்ற பதில்களை இந்தச் சதவீதத்தில் கலக்காமல் தனியே எண்ணுங்கள். மருத்துவமனைக்கும் அலுவலகங்களுக்கும் அலைவது பெரும்பாலும் அங்கேதான் வந்து விழும்.

பணியாளர் கூட்டிப் போன நாட்களைக் கழிக்கும் விதியில் ஒரு சிக்கல் உண்டு. மனநலச் சேவையில் அது சரியாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே பணியாளர் வந்தார் என்றால் நிகழ்ச்சியும் பெரும்பாலும் சேவையினுடையது. சக்கர நாற்காலியில் இருப்பவர் தானே அமர்த்திய தனி உதவியாளருடன் சந்தைக்குப் போகிறார் என்றால் அந்த நாளைக் கழிப்பது அபத்தம். போக வேண்டும் என்று முடிவெடுத்தது அவர், உதவியாளர் கைகொடுத்தார், அவ்வளவுதான். பார்வையற்றவருக்கு வழிகாட்டி வருவதும் காது கேளாதவருக்கு சைகைமொழிபெயர்ப்பாளர் வருவதும் அப்படித்தான். ஆகவே பலவகை மாற்றுத்திறனாளிகளையும் ஒன்றாகக் கணக்கெடுப்பவர்கள் ‘யார் கூட வந்தார்’ என்பதை விட்டு, ‘எங்கே, எப்போது போவது என்று யார் முடிவு செய்தார்’ என்று கேளுங்கள். நான் / குடும்பத்தார் / சேவை மையம் என்று மூன்று விடை போதும். யார் துணையுமின்றிப் போவதே உயர்வு என்ற எண்ணம் பல பழைய அளவுகோல்களில் ஊறிக் கிடக்கிறது. மூளைக்காயம் பட்டவர்கள் சமூகத்தோடு எவ்வளவு கலக்கிறார்கள் என்று அளக்க 1990களில் வந்த சி.ஐ.க்யூ. என்ற 15 கேள்விப் படிவத்தில் வீட்டுச் சமையலைத் தனியாகச் செய்தால் 2 மதிப்பெண், இன்னொருவருடன் சேர்ந்து செய்தால் 1. கணவனும் மனைவியும் சேர்ந்து சமைக்கும் வீட்டில் இருவருக்குமே ஒரு மதிப்பெண் போச்சு! அதே படிவம், மூளைக்காயம் பட்ட நண்பர்களோடு பொழுதைக் கழிப்பவருக்கு மற்ற நண்பர்களோடு கழிப்பவரைவிடக் குறைத்துப் போடுகிறது. காது கேளாதோர் சங்கத்தில் தன் மொழி பேசும் நட்பைத் தேடிப் போகிறவரை இந்தத் தர்க்கம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த அளவுகோலை எடுத்தாலும், எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். அளவுகோலை உருவாக்கியவரின் விருப்புவெறுப்பு அங்கேதான் இருக்கும்.

‘போதும்’ என்ற பதிலையும் அப்படியே விழுங்கிவிட முடியாது. இருபது ஆண்டுகளாக வீட்டுக்குள்ளேயே இருந்தவர் “எனக்கென்ன குறை, இதுவே போதும்” என்பார். ஆசைப்பட்டும் நடக்காததை விரும்பாமல் இருக்கப் பழகிக்கொள்வது மனித இயல்பு. இதற்கு இரண்டு மருந்து உண்டு. ஒன்று, “எந்தத் தடையும் இல்லையென்றால் இன்னும் அதிகம் போவீர்களா?” என்று ஒரு துணைக்கேள்வி. இன்னொன்று, அக்கம்பக்கத்தாரோடு ஒப்பிடச் சொல்வது. தொழுநோயால் பாதிக்கப்பட்டோரையும் பிற மாற்றுத்திறனாளிகளையும் மனதில் வைத்து உருவாகி 2006இல் வெளிவந்த பங்கேற்பு அளவுகோல், அதாவது பி-ஸ்கேல், இரண்டாவது வழியில் போகிறது. மொத்தம் 18 கேள்விகள். “உங்களைப் போன்ற மற்றவர்கள் செய்வதைப் போல நீங்களும் இதைச் செய்கிறீர்களா?” என்று கேட்டு, இல்லை என்றால் “அது உங்களுக்கு எவ்வளவு பெரிய பிரச்சினை?” என்று தொடரும். பிரச்சினையே இல்லை என்றால் 1, சிறிது என்றால் 2, நடுத்தரம் 3, பெரிது 5. மொத்தம் 0 முதல் 90 வரை. 12 வரை வந்தால் குறிப்பிடத்தக்க தடை இல்லை, 53 அல்லது அதற்கு மேல் வந்தால் மிகக் கடுமையான தடை.

இதில் பிசகும் இடம் ஒப்பீட்டு ஆள். களப்பணியாளர் விளக்காமல் விட்டால், ஒருவர் தன்னைப் போன்ற மாற்றுத்திறனாளி நண்பரையே நினைத்துக்கொண்டு பதில் சொல்வார். வித்தியாசம் ஒன்றும் தெரியாது, மதிப்பெண் அழகாகக் குறைந்து வரும், அறிக்கையும் வெற்றி என்று எழுதிவிடும். “உங்கள் வயது, உங்கள் தெரு, உங்களைப் போன்ற குடும்பம், ஆனால் மாற்றுத்திறனாளி அல்லாத ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாரை நினைத்தீர்கள்?” என்று தொடக்கத்தில் கேட்டு உறுதிசெய்துவிட்டுத்தான் முதல் கேள்விக்கே போக வேண்டும். நடுவில் ஒருமுறை நினைவூட்டவும் வேண்டும்.

யார் பதில் சொல்கிறார் என்பது அடுத்தது. கதவைத் திறந்த அம்மாவோ அண்ணனோ “அவனுக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்கிறேன்” என்று உட்கார்ந்துகொள்வதைக் களத்தில் வேலை செய்யும் எவரும் பார்த்திருப்பார்கள். எத்தனை நாள் வெளியே போனார் என்பதைக் கூட இருப்பவர் ஓரளவு சொல்லலாம். அது அவருக்கு முக்கியமா, போதுமா என்பதை இன்னொருவர் சொல்லவே முடியாது. விதி எளியது: பதில் சொன்னவர் யார் என்று ஒவ்வொரு படிவத்திலும் குறியுங்கள். பிறர் சொன்னால் ‘முக்கியம்’, ‘போதும்’ கட்டங்களை நிரப்பாமல் தனிக் குறியீடு போடுங்கள். அந்தக் குறியீடு கணக்கில் பூஜ்ஜியமாகச் சேர்ந்துவிடாதபடி தரவுத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். 99 என்று குறியீடு போட்டு அதைக் கழிக்க மறந்து, மாதத்துக்கு 99 நாள் கடைக்குப் போன ஒருவரைச் சராசரியில் சேர்த்த அட்டவணைகளும் உலகத்தில் உண்டு.

சொந்தமாகப் பதில் சொல்ல வழிசெய்வது உங்கள் பொறுப்பு. தொலைபேசிக் கணக்கெடுப்பில் காது கேளாதவர்களும் பேச்சுக் குறைபாடு உள்ளவர்களும் முதல் நிமிடத்திலேயே விடுபட்டுப் போவார்கள். காகிதப் படிவத்தில் பார்வையற்றவர்கள் விடுபடுவார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஆம்/இல்லை கேள்வி கேட்டால் எதைக் கேட்டாலும் ‘ஆம்’ என்று வர வாய்ப்பு அதிகம், கேட்பவரைச் சந்தோஷப்படுத்தும் பதிலாக அது இருக்கலாம். அதற்குப் பதிலாக இரண்டு படங்களைக் காட்டி எது என்று கேளுங்கள். சில கேள்விகளைப் படங்களின் இடத்தை மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். பதில் படத்தைப் பின்தொடர்கிறதா, கை நீளும் பக்கத்தையா என்று அப்போது தெரிந்துவிடும். வேகமும் முக்கியம். ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்று இலக்கு வைத்துக் கூலி கொடுத்தால், தொடர்புப் பலகையில் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் பேசுகிறவரின் படிவம் எப்போதும் ‘வீட்டில் இல்லை’ என்றுதான் திரும்பி வரும்.

யாரை மாற்றுத்திறனாளி என்று எண்ணுவது என்பதற்கு, ஐ.நா. புள்ளியியல் ஆணையம் அமைத்த வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் பொதுவாக ஏற்கப்பட்டவை: பார்ப்பது, கேட்பது, நடப்பது அல்லது படியேறுவது, நினைவில் வைப்பது அல்லது கவனம் செலுத்துவது, தன்னைப் பராமரித்துக்கொள்வது, பேசிப் புரியவைப்பது. விடைகள் நான்கு: சிரமமில்லை, ஓரளவு சிரமம், மிகுந்த சிரமம், முடியவே இல்லை. ஆறில் ஒன்றிலாவது மூன்றாவது அல்லது நான்காவது வந்தால் கணக்கில் சேரும். “வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா?” என்று கேள்விக்கு முன்னுரை போட்டால் பலர் வெட்கத்தில் இல்லை என்பார்கள், முதியவர்கள் வயதானால் இப்படித்தான் என்பார்கள். அந்தச் சொல்லையே எடுக்காமல் கேட்க வேண்டும். மனநலம் சார்ந்த குறைபாடுகளில் பல இந்த ஆறில் சிக்காது, கவலையையும் மனச்சோர்வையும் கேட்கும் நீண்ட வடிவம் அதற்கு இருக்கிறது. இந்த ஆறு கேள்விகளும் பங்கேற்பை அளக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யார் என்று பிரிக்க மட்டும்தான் அவை. ஆறையும் கேட்டுவிட்டுப் பங்கேற்பு ஆய்வு முடிந்தது என்று எழுதாதீர்கள். அதே பங்கேற்புக் கேள்விகளை மாற்றுத்திறனாளி அல்லாதவர்களிடமும் கேட்டு, ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே பகுதி என்று வைத்துப் பார்த்தால்தான் இடைவெளி தெரியும். எல்லோருமே நூலகம் போகாத ஊரில் மாற்றுத்திறனாளி நூலகம் போகவில்லை என்பது கண்டுபிடிப்பல்ல.

மாதிரியை உங்கள் பயனாளிகள் பட்டியலிலிருந்து எடுத்தால், ஏற்கெனவே வீட்டை விட்டு வெளியே வருகிறவர்களைத்தான் அளக்கிறீர்கள். வீடு வீடாகப் போனால் விடுதிகளிலும் இல்லங்களிலும் இருப்பவர்கள் விடுபடுவார்கள். அவர்கள் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கணக்குப் போடும் இடத்தில் புள்ளியியல் அறிந்தவர்களே சறுக்குவதுண்டு. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க க்ரான்பாக் ஆல்ஃபா என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டு, ஒத்துப்போகாத கேள்விகளை வெட்டுவார்கள். மனச்சோர்வு போல உள்ளே இருக்கும் ஒன்று வெளியே பல அறிகுறிகளாகத் தெரிகிற இடத்தில் அது சரி. பங்கேற்பு அப்படியல்ல. வேலைக்குப் போகிறவர் வழிபாட்டுக்கும் போவார் என்று கட்டாயமில்லை, வேலைக்குப் போவதால் நேரமில்லாமல் போகாமலும் இருக்கலாம். மளிகைப் பட்டியலில் உப்பும் சோப்பும் ஒத்துப்போகவில்லை என்று ஒன்றை அடிப்பதைப் போன்றது அது. ஆல்ஃபா குறைவாக வந்தால் கேள்வியை எடுக்காதீர்கள். அதே படிவத்தை 30, 40 பேரிடம் ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டு, பதில் எவ்வளவு தள்ளாடுகிறது என்று பாருங்கள். திட்டம் தொடங்கும் முன்னும் பின்னும் வந்த வித்தியாசம் அந்தத் தள்ளாட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால்தான் மாற்றம் என்று சொல்ல முடியும். முன்கணக்கை மழைக்காலத்திலும் பின்கணக்கை வெயில் காலத்திலும் எடுத்தால் மாறியது வானிலையாகவும் இருக்கலாம்.

சராசரியை நம்பாதீர்கள். இந்த வகைத் தரவில் பூஜ்ஜியங்கள் குவிந்து கிடக்கும், சிலர் மட்டும் 25, 30 என்று இருப்பார்கள். பூஜ்ஜியம் சொன்னவர்கள் எத்தனை சதவீதம், மீதிப் பேரின் இடைநிலை, அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண், எவ்வளவு என்று இரண்டாகக் கொடுங்கள். கடையையும் காதலையும் வாக்குச்சாவடியையும் கூட்டி ஒற்றை மதிப்பெண் ஆக்கினால் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்பது மறைந்துவிடும். ‘முக்கியம், ஆனால் போதாது’ என்று அதிகம் பேர் சொன்ன செயல்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர்கள் சொன்ன தடையை எழுதினால் அதை வைத்து வேலை தொடங்கலாம். குறைபாட்டை அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0 படிவத்தில் ஆறாவது பிரிவின் பெயர் பங்கேற்பு. ஆனால் அந்தப் பிரிவிலேயே உடல்நிலையால் மனம் எவ்வளவு பாதிக்கப்பட்டது, பணம் எவ்வளவு கரைந்தது என்ற கேள்விகளும் உண்டு. எண் கூடினால் சிரமம் அதிகம் என்று பொருள், ஆனாலும் அந்தப் பிரிவின் எண் குறைந்தால் பங்கேற்புதான் கூடியது என்று அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, யாரும் படிவத்தில் எழுதாதது. உதவித்தொகை பெறுகிறவர் “மாதத்தில் 20 நாள் வெளியே போகிறேன்” என்று சொல்லப் பயப்படுவார், தொகையை வெட்டிவிடுவார்களோ என்று. உதவித்தொகைக்குத் தகுதி பார்க்கும் அதே அலுவலர் பங்கேற்புக் கேள்வியையும் கேட்டால் வருகிற பதில் பயத்தின் அளவுதான். ஆளையும் அலுவலகத்தையும் தரவையும் பிரியுங்கள், பிரித்திருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இதே காரணத்தால், கைப்பேசியின் இருப்பிடப் பதிவை எடுத்தால் துல்லியமாக இருக்குமே என்ற யோசனையையும் தள்ளி வைக்கச் சொல்கிறோம். பயம் ஒருபுறம் இருக்க, ஒருவர் நூலக வாசல்வரை போனதை அது காட்டும். படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியதை அது காட்டாது.

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு தரவு திரட்டுவதைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகள் எதிர்கொள்ளும் தடைகளைக் கண்டறிய அந்தத் தரவு பயன்பட வேண்டும், அது அவர்களுக்கும் எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களுடைய அமைப்புகளைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது 4ஆவது பிரிவின் மூன்றாம் பத்தி. அதைச் செயலில் காட்ட ஒரு வழி: படிவத்தை அச்சுக்கு அனுப்பும் முன், வெவ்வேறு வகைக் குறைபாடு உள்ள பத்துப் பேரிடம் கொடுங்கள், அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். பதிலை வாங்கியதோடு விடாமல் “இந்தக் கேள்வியில் என்ன கேட்கிறோம் என்று நினைத்தீர்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று ஒவ்வொரு கேள்விக்கும் கேளுங்கள். பத்துப் பேரும் ஒரே அர்த்தத்தைச் சொல்லாத கேள்வியைத் திருத்தி, வேறு சிலரிடம் மறுபடி கேட்டுப் பாருங்கள். திருத்தப்பட்ட அந்தப் படிவத்தையும், எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்ற பக்கத்தையும் களப்பணி தொடங்குவதற்கு முன்பே பொதுவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பங்கேற்பு அளவீட்டிலும் மறுவாழ்வுக் களப்பணியிலும் உள்ள சிலர்